புளூபெர்ரி விரலில் ஒரு சொட்டு ரத்தம்

ஜூலை 19
காலையில் ஒரே ஒரு துண்டு ரொட்டி. ஜாம் இல்லை, பன் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் காட்டில் உட்கார்ந்து விரலைக் குத்திப் பார்த்தால், எங்கள் ஊர்க் கணக்கில் சர்க்கரை ஒன்பது! எட்டைத் தொடவே கூடாதாம். இன்னும் எதைத்தான் நிறுத்துவது? மூச்சையா?

இந்த வருஷம் புளூபெர்ரி கொட்டிக் கிடக்கிறது. போன வருஷம் பனி விழுந்து பூவெல்லாம் கருகிப்போய், எங்கள் காட்டுக் கரடியே பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டது என்று பேச்சு. இந்த வருஷம் குனிய முடியாத வயிற்றோடு நான். வாளியும் நிறைகிறது, சர்க்கரையும் ஏறுகிறது.

ஜூலை 22
கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸ் மெர்யா இன்று பொறுமையாக விளக்கினாள். பிள்ளை வளர வளர, நஞ்சுக்கொடி நம் உடம்பின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாதாம். “உன் தப்பே இல்ல” என்றாள். பிறகு என் எண்களைப் பார்த்தாள்.

“உண்மையச் சொல்லு ஐலி. பன் ஏதாவது...?”

“இல்லைங்கறேன்!”

“நான் திட்ட மாட்டேன்மா.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நம்பாத சிரிப்பு ஒன்று சிரித்தாள். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் ஊசி.

ஜூலை 23
என் புருஷன் எஸ்கோ பன் டப்பாவை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான். அவனுமா?

ஜூலை 25
மாமியார் ஹெல்வி வந்திருக்கிறார்.

“எங்க காலத்துல ஏதுடி மெஷினு? ரெண்டு பேருக்குச் சேத்துத் தின்னோம். எஸ்கோ அஞ்சு கிலோ!”

“அதான் பயமா இருக்கு அத்தை.”

எஸ்கோ தோள் மாட்டிப் பிறந்த கதையை அத்தை ஊரில் ஒரு சவுனா நீராவிக் குளியலறை விடாமல் சொல்லியாயிற்று. சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவன் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பிறக்கிறான். எல்லோரும் சிரிப்பார்கள். என் பிள்ளையும் இந்தச் சர்க்கரையில் இப்படி ஊதிப்போய் மாட்டிக்கொண்டால்?

ஜூலை 26
பத்து. அழுதேன்.

ஜூலை 27
மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் பெர்ரியில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தோம். அத்தைக்கு வாய் சும்மா இருக்காதே.

“திருட்டுத்தனமாத் தின்னா மெஷின் காட்டிக் குடுத்துரும்டி.”

பொங்கிவிட்டது எனக்கு. “அப்ப உங்க விரலக் குடுங்க பாப்போம்!”

குத்தினேன். பதினாறு.

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. “எஸ்கோ, நான் போனப்புறம் என் பசுவ மட்டும் வித்துறாதடா...”

எஸ்கோதான் அவர் கையைப் பார்த்தான். நகக்கண் வரை நீலம்.

“கையக் கழுவும்மா.”

“எதுக்குடா? அழுக்கா இது? பெர்ரி!”

அதேதான். கையைக் கழுவிவிட்டுக் குத்து என்று மெர்யா முதல் நாளே சொன்னாள். பெர்ரிச் சாறும் அழுக்கில் சேர்த்தி என்று இந்தக் காட்டில் பிறந்த எவளுக்குத் தோன்றும்? காட்டுத் தரைப் பாசியில் கையை ஒரு துடை, அவ்வளவுதான். இத்தனை நாளும் என் ரத்தத்தை அளக்கவில்லை — விரலில் ஒட்டிய பழச்சாற்றை அளந்திருக்கிறேன்!

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குத்தினால் அத்தைக்கு ஆறு. எனக்கு ஏழு.

எஸ்கோ விறகுக் கொட்டகைக்குப் போய் பன் டப்பாவை எடுத்துவந்து மேசையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கு வேணாம். உன் அம்மாவுக்குக் குடு. செத்துப் பொழச்சிருக்காங்க.”

ஆகஸ்ட் 5
பெர்ரிக் கதையைக் கேட்டு மெர்யா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு “உன்ன நம்பியிருக்கணும்” என்றாள். ஆனால் காலையில் எழுந்ததும், பெர்ரியைத் தொடாத விரலிலேயே எண் கொஞ்சம் கூடுதல்தான். அது நிஜம். ஆகவே படுக்கப் போகும்போது மட்டும் ஒரு ஊசி. தொடையில் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊர்க் கொசு இதைவிட மோசம். ஊசி மேல் எரிச்சல் போகவில்லை. ஆனால் யாரும் என்னைத் திருடி என்று நினைக்காத எரிச்சல்.

அக்டோபர் 4
மகள். மூன்றரை கிலோ. “இவ்ளோதானா?” என்றார் அத்தை.

குழந்தைக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரி நர்ஸ் அந்தச் சின்னக் குதிகாலைப் பிடித்தாள்.

“மொதல்ல காலக் கழுவுங்க!”

கத்தியது நானில்லை. அத்தை.