வண்டி வளைவு தாண்டட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

அரிமளத்தில் மழை உண்டா? உங்கள் மூட்டு வலி தேவலையா? நான் சுகம்தான், தோள்பட்டை மட்டும் விட்டுப்போகிறது.

இந்தப் போர்ச்சுகல் கடற்கரையில், அடுப்பும் படுக்கையும் வைத்த வேன்களில் ஊர் சுற்றுகிறவர்கள் தங்கிப்போக ரோசா அம்மா குடும்பம் இடம் நடத்துகிறது என்று சொன்னேனே. தினமும் காலையில் பத்து வண்டியாவது கிளம்பும். அவை நின்ற இடங்களை உடனே நான் கூட்ட வேண்டும். "ஆளு ஊருக்குக் கெளம்புன ஒடனே வாசலக் கூட்டாதடி" என்பீர்களே, அதனால் வண்டி வளைவு தாண்டும்வரை விளக்குமாற்றோடு சும்மா நிற்பேன். சோம்பேறி என்று ரோசா அம்மா திட்டினார். அரைகுறை பாஷையில் காரணம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்.

நேற்று அவர் மகன் கனடா வேலைக்குக் கிளம்பினான். கார் நகர்ந்ததும் ரோசா அம்மா ஓடிவந்து என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டார். கார் வளைவு தாண்டியும் விடவில்லை.

யாராவது இங்கிட்டு வந்தால் நம்மூர் ஈர்க்கு விளக்குமாறு ஒன்று கொடுத்தனுப்புங்கள். இங்குள்ள பிளாஸ்டிக்கில் மணல் வரவே மாட்டேன் என்கிறது.

கூப்பிடுகிறார்கள், அடுத்த வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் எழுதுங்கள். நான் பஸ் ஏறிய அன்றைக்கு எவ்வளவு நேரம் கழித்து வாசல் கூட்டினீர்கள்? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நான் பார்க்காமலே வந்துவிட்டேன்.

உங்கள் மகள்
தேவிப்ரியா