நூற்றிருபது சொற்களில் ஒரு ஜோன்ஸ்

மார்ச் 3, திங்கள்

ஜோன்ஸ் எண் 30 முடிந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கி நாடாளுமன்றத்தில் முடிந்தவர். நூற்றிருபது சொற்கள். அவருடைய மனைவிக்கு அதில் நான்கு.

இன்னும் முப்பது ஜோன்ஸ்கள். 'புகழ்பெற்ற வேல்ஸ்காரர்: ஜோன்ஸ்' - தொகுதியின் பெயர் அவ்வளவுதான். டேவிஸ் போன வருடம் வந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸில், பரமட்டாவில், பல் வைத்தியர் ஒருவரின் மேல்மாடியில் உட்கார்ந்து, பழைய வேல்ஸின் ஜோன்ஸ்களை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரிப்பது என் வேலை. ஆறு மாத ஒப்பந்தம். இலக்கியத்தில் முதல் வகுப்பு வேறு எதற்கு.

மார்ச் 6

மெரெடித் - என் பதிப்பாசிரியர், அறுபது வயது, சிவப்புப் பேனை - 'மக்கள் போற்றிய' என்பதை வெட்டினார். எந்த மக்கள் என்று கேட்டார். அவருடைய விதி: எதற்கும் இரண்டு ஆதாரம். ஒன்றுதான் இருக்கிறதென்றால் வெட்டு.

எனக்கும் வெட்டுவது பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் எண் 31-ஐப் பற்றிச் சொன்னேன். ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஏழு வில்லியம் ஜோன்ஸ். அதனால் ஊர் ஆளுக்கொரு அடையாளம் வைத்தது. தபால் ஜோன்ஸ். சவப்பெட்டி ஜோன்ஸ். என்னுடையவர் பாண் ஜோன்ஸ், பாண் சுடும் பேக்கரி வைத்திருந்ததால். தேவாலயத்துக்கு நாற்பது பாடல்கள் எழுதியவராம்.

"கல்லறையில என்ன போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"பாண்."

அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. "நாப்பது பாட்டு எழுதின மனிசன் கடைசியில பாணாப் போனான்!"

பாடல்களுக்கு ஒரே ஒரு ஆதாரம்தான் - அவருடைய மகளின் கடிதம். மெரெடித் வெட்டச் சொல்லிவிட்டார். மகள் எல்லாம் ஆதாரமில்லையாம்.

"எங்கட ஆக்களும் அப்பிடித்தானே," என்றார் அம்மா. "சிட்னியில எத்தினை வரதராஜா. கிளினிக் வரதர். ஹெலன்ஸ்பர்க் கோயிலே கதியெண்டு கிடக்கிற கோயில் வரதர். லேற் வரதர் - அந்தாள் தன்ர கலியாணத்துக்கே பிந்தி வந்தவர்."

"அப்ப எங்கட வரதராஜாவை என்னெண்டு சொல்லுறவை?" என்று அப்பாவைக் காட்டிக் கேட்டேன்.

அம்மா எழும்பினார். குசினியில் ஏதோ அடிப்பிடிக்கிறதாம்.

அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 14

தமிழ்ச் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. மலர் போடுகிறார்கள். மூத்த உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் வரும். தொகுப்பவன் செந்தூரன், என்னோடு பள்ளியில் படித்தவன். எத்தனை சொல் வைக்கலாம் என்று கேட்டான். நான்தான் நூற்றிருபது என்றேன். என் வாய்.

அப்பா ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய அழகான கையெழுத்து, அச்சடித்தது போல.

"உனக்கு இதுதானே வேலை. முன்னப்பின்ன தெரியாத ஜோன்ஸுக்கெல்லாம் எழுதுறாய். எனக்கு எழுத மாட்டியோ?"

முதல் வரி: பிரதம பொறியியலாளர், கட்டடத் திணைக்களம், யாழ்ப்பாணம்.

அப்பா அங்கே படவரைஞர். பொறியியலாளர் சொல்வதைப் படமாகக் கீறிக் கொடுப்பவர். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மார்ச் 15

பொறியியலாளரைக்கூட விட்டுவிடலாம். அந்தப் 'பிரதம'?

மார்ச் 22, சனி

பெண்டில் ஹில் மண்டபத்தில் சங்கத்துப் பிள்ளை ஒருத்தியின், லக்சிகாவின், நடன அரங்கேற்றம். செந்தூரனைப் பிடித்து, நான்கு வரதராஜாக்களையும் மலரில் எப்படிப் பிரிக்கப்போகிறான் என்று தொழில்முறை அக்கறையோடு கேட்டேன்.

"பட்டப்பெயரை அடைப்புக்குறிக்குள்ள போடுறம். ஆக்களுக்கு விளங்க வேணுமே."

"அப்ப அப்பாவுக்கு?"

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உமக்கு உண்மையாவே தெரியாதே?"

"தெரியாது."

"கதிரை வரதர்."

திரும்பிப் பார்த்தேன். நிகழ்ச்சி தொடங்க ஒரு மணித்தியாலம் இருந்தது. அப்பா முழுக்கைச் சட்டையோடு, பிளாஸ்டிக் கதிரைகளை ஆறு ஆறாகத் தூக்கி வந்து பரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிசையும் முடிய, அதன் நுனியில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கோணலா என்று.

ஐந்து வயதிலிருந்து பார்த்து வருகிற காட்சி. இதுவரை 'அப்பா உதவி செய்கிறார்' என்றுதான் நினைத்திருந்தேன்.

நன்றியுரை பதினொரு நிமிடம். ஒலி, ஒளி, பூமாலை, வடை. கதிரை இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

எழுதிக் கொடுத்தேன். 'படவரைஞர்' என்று.

"படவரைஞர் எண்டு இஞ்ச ஆருக்காவது நான் சொன்னனானோ?"

"பொறியியலாளர் எண்டு போட ரெண்டு ஆதாரம் வேணும் அப்பா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அப்பா தாளை நான்காக மடித்தார். விளிம்பை நகத்தால் அழுத்தினார். "நான் என்ன ஜோன்ஸோ? என்ர பேர் ஒண்டும் வர வேண்டாம். விடு."

அம்மா பின்னாலேயே வந்தார். "ரெண்டு சொல்லுப் பிள்ளை. போட்டா ஆருக்கு என்ன நட்டம்?"

ஆருக்கு நட்டம்? எனக்குத் தெரியேல்ல. அந்தாள் என்னட்ட வேற எதுவும் கேட்டதில்லை. ஒண்டுமே கேட்டதில்லை. நான் ஏன் இப்பிடி -

ஏப்ரல் 2

பாண் ஜோன்ஸின் மகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது என்று எழுதினாள். மூன்றாகவும் இருந்திருக்கலாம். கல்லில் பாண் என்று வெட்டியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பாளோ?

பாடல்களைத் திருப்பிப் போட்டேன், 'மகளின் கடிதத்தின்படி' என்று. மெரெடித் சிவப்புப் பேனையை எடுத்தார். பார்த்தார். மூடியைப் போட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 4

மலருக்குக் குறிப்பு அனுப்ப இன்று கடைசி நாள். அப்பாவிடம் காட்டாமல் அனுப்பினேன்:

'வரதராஜா, கிரவீன். யாழ்ப்பாணம் கட்டடத் திணைக்களத்தில் படம் வரைந்தவர். இருபத்திரண்டு வருடங்களாகச் சங்கத்தின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் கதிரைகளை அடுக்கியவர். எந்த நிகழ்ச்சியையும் முழுதாக இருந்து பார்த்ததில்லை. அவருடைய வரிசைகள் கோணியதில்லை. ஆதாரம்: மகள்.'

நூற்றிருபதை நிரப்ப முடியவில்லை. அடைப்புக்குறி வேண்டாம், நாங்கள் இருக்கிற இடத்தின் பெயர், 'கிரவீன்', போதும் என்று செந்தூரனுக்குத் தனியாக எழுதினேன். "ஓம், ஓம்" என்று பதில்.

மே 17, சனி

மலர் வெளியீடு. பக்கம் 64. நான் எழுதியது ஒரு சொல்லும் மாறாமல். தலைப்பில்: வரதராஜா (கதிரை).

செந்தூரனைத் தேடிப் போனேன். "கொமிற்றி முடிவு. நான் சொல்லிப் பார்த்தனான். கிரவீனிலயே ரெண்டு வரதராஜா இருக்கினமாம்," என்றான்.

அப்பா மண்டபத்தின் கடைசியில், நின்றபடியே வாசித்தார். நீளமான குறிப்பு அல்ல. ஆனாலும் நெடுநேரம் வாசித்தார். மலரை மூடிச் சட்டைக்குள் செருகினார். கூட்டம் கலைந்ததும் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.



மே 19

ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. அடுத்தது வில்லியம்ஸ். எழுபத்திரண்டு பேர்.

அப்பா தேத்தண்ணியைக் கராஜுக்குள் கொண்டுபோய்க் குடிக்கிறார்.

மே 24, சனி

காலையில் அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒரு கிழமைக்குப் பிறகு.

"அந்தப் பாண் ஜோன்ஸ்..."

"ஓம் அப்பா."

"ஊர் தன்னை அப்பிடிச் சொல்லுறதெண்டு அந்தாளுக்குத் தெரியுமோ?"

"அதுக்கு ஆதாரம் இல்லை அப்பா."

ஊதி ஊதிக் குடித்து முடித்தார். "தெரிஞ்சிருக்கும்," என்றார்.

பிறகு கார்ச் சாவியை எடுத்தார். "மூண்டு மணிக்குப் பட்டிமன்றம். நூற்றைம்பது கதிரை. நீ சும்மாதானே இருக்கிறாய்?"

போனேன். ஒரு வரிசையை நானே பரப்பினேன், பன்னிரண்டு கதிரை, கவனமாக. அப்பா நுனிக்குப் போய்க் குனிந்து ஒரு கண்ணை மூடினார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

நடந்து வந்து, மூன்றாவது கதிரையை ஒரு விரலளவு தள்ளினார்.