ஏரிக்குள் அறையப்பட்ட மூன்றாம் முரசு

திரு நிலைக்க, செவ்வந்தி நாடு தழைக்க. ஏழு ஏரிகளுக்கும் இரு மலைகளுக்கும் காவலரும், குடிகள் கவலையின்றி உறங்கத் தாம் விழித்திருப்பவருமாகிய திருமாவேங்கைப் பெருமானாரின் பதினான்காம் ஆட்சியாண்டு, ஆனித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், அப்பெருமானார் மொழிந்தருளியபடி அரண்மனை ஓலைநாயகம் எழுதியது.

பொழில்மதில் கோட்டைத் தலைவரும், மதிலேறிய பகைவர் எண்மரை ஒரே பகலில் வந்த வழியே இறக்கியவருமாகிய வல்லகண்டர் கண்டு மகிழ்க. தங்கள் கதவுகள் உறுதியாய் நிற்க. தங்கள் குதிரைகள் கொழுத்து வாழ்க.

தாங்கள் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. கோட்டைக்குள் சாயச்சாலையிலும் நாணயச்சாலையிலும் களஞ்சியத்திலும் பணிபுரியும் நானூற்றுவர் அக்கரைப்பாடியிலிருந்து ஏரிக்கரைச் சாலையில் நாள்தோறும் வருவதையும், ஊரில் எழவும் புறப்படவும் அறையப்படும் இரு முரசுக்குப் பின் கோட்டையில் மூன்றாம் முரசு கேட்டதும் கதவு அடைபடும் என்பதையும், வெளியே நின்றுபோனவருக்கு அன்று வரவில்லை என்று எழுதப்படும் என்பதையும், மும்முறை அவ்வாறு எழுதப்பட்டவர் பணி இழப்பார் என்பதையும் அவை முன்பே அறியும். இத்திங்கள் ஒன்பதாம் நாள் காலை நடந்ததே புதிது. முரசறையும் பொன்னாடன் வண்டியும் சாயச்சாலைக் கொற்றி ஓட்டிய வண்டியும் ஏரித் திருப்பத்தில் அச்சோடு அச்சு மாட்டிக்கொண்டு நீரில் கவிழ்ந்தன. கழுத்தளவு நீரில் நின்ற பொன்னாடன், கதிரவன் பனைமரத்துக்கு மேல் வந்துவிட்டதைக் கண்டு, மிதந்துகொண்டிருந்த முரசைப் பற்றி, கடமை தவறாமல் மூன்றாம் முரசை அங்கேயே அறைந்துவிட்டார். ஓசை நீரின்மேல் நன்றாகப் பரவியது. கதவு அடைபட்டது. முந்நூற்றுப் பன்னிருவர் வெளியே நின்றனர். அவர்களுள் நாற்பத்தாறு பேருக்கு அது மூன்றாம் முறை.

பெருமானார் தங்கள் ஓலையை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஏரிப் பகுதியை மட்டும் மூன்றாம் முறையும்.

அந்நாற்பத்தாறு பேரையும், அவர்களோடு பொன்னாடனையும் பணியிலிருந்து நீக்கி, முரசைக் கோட்டைக்குள் குடியிருக்கும் வீரர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். விசாரித்து வருமாறு, நாட்டுச் சாலைகளைக் கவனிக்கும் வழிநாயகம் சேந்தன் அனுப்பப்பட்டார். முன்னாண்டு இதே திருப்பத்தில், இதே போன்றதொரு காலையில், மாலைகட்டும் பணிக்குச் சென்ற தம் மனைவியை இழந்தவர் அவர் என்பது தாங்கள் அறிந்ததே. அதைப்பற்றி அவர் தம் அறிக்கையில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அறிக்கையின் தொடக்கத்தில் தம் பிழையைத்தான் எழுதியிருக்கிறார். முதல் இரு நாளும் அவர் திருப்பத்தில் காவலரை நிறுத்தி, விரைந்து வரும் வண்டிகளை மறித்து அறிவுரை கூறச் செய்தார். அறிவுரை கேட்டவர்கள் கேட்ட நேரத்தையும் சேர்த்து ஈடுகட்ட முன்னிலும் விரைந்தனர். இரண்டாம் நாளில் மூன்று வண்டிகள் சக்கரம் இழந்தன. காவலர் ஒருவர் புளியமரம் ஏறி உயிர் தப்பினார். சேந்தன் காவலரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று மாலை சாலையோரம் சும்மா உட்கார்ந்தார்.

மாலையில் அதே நானூற்றுவர், அதே வண்டிகளில், அதே திருப்பத்தைக் கடந்து வீடு திரும்பினர். காளைகள் தம் விருப்பப்படி நடந்தன. ஒரு வண்டியில் பாட்டு. இன்னொன்றில் மாமியார் பற்றிய வழக்கு. வண்டியோட்டி ஒருவர் உறங்கியே போனார். ஒரு சக்கரமும் கழலவில்லை. ஊராரைக் கேட்டபோது, மாலையில் அங்கு ஒருவரும் அடிபட்டதாக நினைவில்லை என்றனர். பழுது சாலையில் இல்லை என்று அன்றே எழுதிக்கொண்டார்.

மறுநாட் காலை அவர் கொற்றியின் வண்டியில் ஏறினார். முழங்கைவரை நீலம் ஏறிய கையும், பிசகிய மணிக்கட்டில் கட்டுமாக அவள் காளைகளை விரட்டிய விரட்டில் தம் தலைப்பாகை பறந்தது என்று குறித்திருக்கிறார். இவ்வளவு விரைவு எதற்கென்று கேட்டதற்கு அவள் சொன்னது அப்படியே அறிக்கையில் உள்ளது: "முரசுக்காரர் வண்டி முன்னாடி போகுது பாருங்க. அதைத் தாண்டிட்டோம்னா இன்னைக்கு யாரும் நம்மளப் பிந்திட்டீங்கன்னு சொல்ல முடியாது. முரசே நமக்குப் பின்னாலதானே வருது, ஐயா."

முரசு தனித்து உறங்கலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். ஆகையால் மாலைதோறும் அது பொன்னாடனோடு அக்கரைப்பாடிக்குச் சென்று, அவர் வீட்டுக் கட்டிலில் படுத்து, காலையில் அவர் வண்டியிலேயே திரும்பும். நேரத்தை அறிவிக்கும் முரசே சாலையில் ஓடிக்கொண்டிருந்தால், அதை முந்திச் செல்வதே நானூற்றுவருக்கும் வேலையாகிவிட்டது. பொன்னாடனைக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "நானூறு பேர் துரத்துறாங்க, ஐயா. ஓடாம என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார்.

முரசைக் கோட்டைக்குள்ளேயே வைத்துவிட்டால் தீருமே என்னும் தங்கள் கருத்தையும் சேந்தன் எண்ணிப் பார்த்திருக்கிறார். அப்போது ஓடுபவர் ஒருவர்தான் குறைவார். துரத்துபவர் நானூற்றுவரும் அப்படியே இருப்பர் என்பது அவர் விடை. எனவே, தாங்கள் எல்லைக் காவலைப் பார்வையிடச் சென்றிருந்த ஐந்து நாட்களில், பெருமானாரின் இசைவோடு வேறொன்று செய்து பார்க்கப்பட்டது. முரசு வண்டியேறவில்லை. ஒரு தண்டில் கோத்து, முன்முனையைப் பொன்னாடனும் பின்முனையைச் சேந்தனும் தோளில் தாங்கி, அக்கரைப்பாடியின் கடைசி வீட்டிலிருந்து எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தனர். முரசு கதவை அடைந்த பிறகே மூன்றாம் முறை அறையப்பட்டது. முரசுக்கு முன்னால் வருபவர் எவரும் பிந்தியவரல்லர். படுக்கையை விட்டு எழாதவரே பிந்தியவர்.

முதல் நாள் பழக்கம் விடவில்லை. எல்லோரும் பறந்து வந்து, கதவருகே ஒன்றரை நாழிகை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். இரண்டாம் நாள் பாதிப்பேர் மெல்ல வந்தனர். மூன்றாம் நாள் திருப்பத்தில் மோர்ப்பானை ஒன்று முளைத்தது. நான்காம் நாள் கொற்றி வண்டியை விட்டிறங்கி முரசோடு நடந்துகொண்டே, "என்ன முரசுக்காரரே, அன்னைக்கு ஏரியில அடிச்சீங்களே, மீனெல்லாம் நேரத்துக்கு வேலைக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். பொன்னாடன், மீன்கள் வந்துவிட்டன, சாயச்சாலைக்காரர்தாம் வரவில்லை என்று மறுமொழி கூறியதாகத் தெரிகிறது.

ஐந்தாம் நாள் கதவு அரை நாழிகை பிந்தி அடைக்கப்பட்டதாகத் தங்கள் காவலர் குற்றம் சாட்டியுள்ளனர். அது உண்மை. திருப்பத்துக்கு வந்ததும் தண்டின் பின்முனை நின்றுவிட்டது. பொன்னாடன் திரும்பிப் பார்த்தார், தாமும் நின்றார். முன்னால் போனவர்களும் வண்டிகளை நிறுத்தினர். பிறகு தண்டு நகர்ந்தது, எல்லோரும் நகர்ந்தனர். முரசு நின்றதால் அன்று ஒருவரும் பிந்தியவராகவில்லை. இதுவும் அறிக்கையில் இல்லை. பொன்னாடன் சொல்லி அவை அறிந்தது.

ஆகவே பெருமானார் ஆணையிடுவது: நாற்பத்தாறு பேரும் தத்தம் பணியில் தொடர்க. ஏரியில் அறையப்பட்ட முரசு அறையப்படாததாகக் கருதப்படுக. முரசு இனி எந்நாளும் சாலையின் கடைசியிலேயே நடந்து வருக. பொன்னாடன் முரசறைபவராகவே நீடிக்க. அவரிடமிருந்து முரசைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

சேந்தன் இனி நாட்டின் மற்றைச் சாலைகளுக்கும் செல்ல வேண்டியிருப்பதால் தண்டின் பின்முனைக்கு ஆள் தேவைப்படுகிறது. சாலையை மதில்மேலிருந்து மட்டுமே கண்ட தாங்கள், ஆவணித் திங்கள் முடியும்வரை காலைதோறும் அக்கரைப்பாடிக்குச் சென்று அம்முனையைத் தோளில் தாங்கி வருவீர்களாக. முரசு கனமானது. தோளுக்கு வைத்துக்கொள்ளத் துணிமடிப்பு ஒன்று கொற்றி தருவாள். நீலம் சற்று ஒட்டும்.

இவ்வோலை கண்ட மறுநாட் காலையே இது நடைபெறுக. வேங்கை இலச்சினை ஒற்றப்பட்டது.