விரிந்த பூவின் விலை

இன்று சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் பிச்சிப்பூ வாசம் மூக்கில் ஏறியது. முன்பெல்லாம் அந்த வாசத்தோடு உம்முடைய குரலும் சேர்ந்து வரும்: "வாரும்வே, சர்க்கார் கட்சிக்காரரே." நீர் கண்ணை மூடிய பிறகு என்னைக் கேலி செய்ய ஆளில்லை. ஆனாலும் இன்று மனசு லேசாக இருக்கிறது.

நாள் முழுக்கப் பூவுக்கு ஒரே விலையை அரசாங்கம் நிர்ணயிக்க வேண்டும், குறைத்து விற்றால் அபராதம் போட வேண்டும் என்று இங்கே மறுபடி பேச்சு கிளம்பியது. அந்தக் காலத்தில் நானும் அதைத்தான் சொன்னேன். பூ விளைவிக்கிற சம்சாரி வேறென்ன சொல்வான்? எங்கள் பூவைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் கடைக்காரர் உமக்கென்ன நஷ்டம் என்று மல்லுக்கு நின்றேன்.

"சரிவே, உம்ம சட்டத்தை என் கடையில ஒருநாள் நடத்திப் பாப்போம்" என்றீர். காலை விலையை மாற்றவே இல்லை. வெயில் ஏறியது, மொட்டு வாய் திறந்தது. விரிந்த பூவை மலிவாக வாங்கி, கட்டி, தெருத்தெருவாக விற்றுப் பிழைக்கும் பெண்கள் வழக்கம்போல விலை இறங்கும் நேரம் பார்த்து வந்தார்கள். விலையைக் கேட்டதும் ஒருத்தி வெறும் கூடையோடு நின்றுவிட்டாள்.

"விலை இறங்குனாத்தான அண்ணாச்சி எங்க வீட்ல அடுப்பெரியும்?"

நீர் என்னைக் கைகாட்டினீர். "அவருகிட்ட கேளு. இன்னைக்கு அவருதான் சர்க்கார்."

என் தோட்டத்துப் பூவும் அங்கேதான் வாடிக் கிடந்தது. நீர் சிரித்துக்கொண்டே விலையை இறக்கி அவர்களை அனுப்பிவைத்தீர்.

நேற்று, ஒரே விலை கேட்டு மனு கொடுப்பதா என்று முடிவெடுக்க எல்லோரும் கூடினார்கள். உம்முடைய கட்சி பேச யாருமில்லை. பயந்துகொண்டேதான் எழுந்தேன். கூட வந்த சம்சாரிகளே முறைத்தார்கள். அந்த ஒருநாள் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "விரிஞ்ச பூவுக்கு மொட்டு விலை சொன்னா எவன்வே வாங்குவான்? குப்பைக்குப் போற பூவுக்கு யாரு நமக்கு விலை தருவா?" கை தூக்கச் சொன்னார்கள். மனு வேண்டாம் என்பவர்களே அதிகம். அப்பாடா என்று இருந்தது. இன்று மத்தியானம் அந்தப் பெண்கள் பேரம் பேசிக் கூடை நிறைய வாங்கிப் போவதைக் கண்ணாரப் பார்த்தேன்.

அதற்காக முழுக்க உம் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ரேஷன் கடையையும் மூடச் சொல்வீரே, அதற்கு இன்னமும் சம்மதமில்லை. புதுப்புதுப் பதிலாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். டீ குடிக்கும்போது வாய்க்குள்ளேயே அவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

"என்னவே, தனியா பேசுதீரு?" என்றார் டீக்கடைக்காரர்.

"தனியா எங்கவே பேசுதேன்" என்றேன்.