கை வராத பேச்சு

ஜூலை 5, 2024, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் குவைத்திலிருந்து வீடியோ காலில் பேசினார். என்னவோ சரியில்லை. எப்போதும் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் வீசிப் பேசுகிறவர். இன்று போனைக் கையிலேயே பிடித்திருந்தார். அவருடைய உம்மாவிடம் சொன்னேன். "சிராஜு மொகம் நல்லாத்தானே இருக்கு பாசிலா. சும்மா இரு" என்றார் மாமி.

ஜூலை 8
இன்றும் அப்படியே. இடது கையில் போன். வலது கை தெரியவே இல்லை.

ஜூலை 9
வேண்டுமென்றே கேட்டேன். "பின்பக்கம் கொட்டகை போடணும்ல, எம்புட்டு ஒசரம்? எங்கிட்டு சரிவு?"
மரவேலைக்காரர். இதையெல்லாம் கையால் காட்டாமல் அவருக்குச் சொல்லவே வராது.
"ஆளு ஒசரம்… அங்கிட்டு சரிவு."
வலது தோள் எழும்பிச் சட்டென்று அடங்கியது. கை வரவில்லை.
"அங்கிட்டுன்னா?"
"டூட்டிக்கு நேரமாச்சு." வைத்துவிட்டார்.

ஜூலை 10
நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேனா?

ஜூலை 12, வெள்ளி
மாமி மீன் வாங்கப் போன நேரம் நானே கூப்பிட்டேன்.
"வலது கையைக் காட்டுங்க."
"என்ன பாசிலா இது—"
"காட்டுங்க."
கொஞ்ச நேரம் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு, கட்டுப் போட்ட கை. பட்டறையில் மரம் அறுக்கும் மெஷினாம். நடுவில் மூன்று விரலும் இல்லை. "உம்மாட்ட சொல்லிராத. தாங்காது."
எனக்கு மட்டும் தாங்குமா? இம்புட்டு நாளா ஒத்த ஆளாக் கெடந்து, யா அல்லாஹ்—

ஜூலை 14
"அவன் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போற, என்னடி?" என்கிறார் மாமி. தலைவலி என்றேன்.

ஜூலை 23
கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பிவிடுகிறது. ஞாயிறு காலை திருச்சிக்கு வருகிறார். மாமியிடம் லீவு என்று சொல்லியிருக்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு
ஏர்போர்ட்டிலிருந்து ஜெகதாப்பட்டினம் வீடு வரை கையைப் பேண்ட் பைக்குள்ளேயே வைத்திருந்தார். வாசலில் மாமி மகனின் பைக்குள் இருந்த கையைப் பார்த்து, "கையக் குடு வாப்பா" என்றார். அவர் அசையவில்லை. மாமியே பிடித்து வெளியே எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.
"எப்புடி?" அவ்வளவுதான் கேட்டார்.
அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் வாய் மட்டும்தான். பலகை எப்படிச் சறுக்கியது என்று சொல்ல வந்தபோது அந்தக் கை தானாக எழுந்து, காற்றில் பலகையைத் தள்ளிக் காட்டியது. அவர் கவனிக்கவே இல்லை.
நான் மாமியைப் பார்த்தேன். மாமி அழவில்லை.
"அப்பறம்?" என்றார்.