சம்பந்தியம்மாவிடம் கேட்க ஒரு வரி

12, வியாழன்
தூறல். துணி காயவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று: பத்தாவது பாஸ் என்று டீனாவிடம் புளுகிவிட்டேன். படித்தது நாலாவது. டீனா மேல்வீட்டுப் பெண், காலேஜில் போர்த்துகீசு படிக்கிறாள்.

லிஸ்பனில் என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில், இங்கே விவேக் நகரில்தான் நடக்கவேண்டும். அவளுக்கும் ஆசை. "மாமியார்கிட்ட நான் கேட்டா நல்லா இருக்காதும்மா. உனக்காக நான் சொன்னாலும் நானே கேட்ட மாதிரிதான்." ஆக ஞாயிறு வீடியோவில் சம்பந்தியம்மாவிடம் அவர் பாஷையான போர்த்துகீசில் நானே கேட்கவேண்டும். ஒரே ஒரு வரி.

பத்தாவது பாஸ் ஆயிற்றே, டீனா ரோமிலிருந்து ஆரம்பித்தாள்.

"அஸ்திவாரம் தெரியணும் ஆன்ட்டி. ரோம் பட்டாளம் அங்கே போச்சு. அவங்க பேசின கொச்சை லத்தீன்தான் மாறி மாறி இப்படி ஆச்சு."

"பட்டாளம் போகட்டும். என் பொண்ணு எப்போ வருவா?"

"அதுக்கு இன்னும் டைம் இருக்கு ஆன்ட்டி."

13, வெள்ளி
இன்று பாடத்தில் அரபுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் சில சொல் விட்டுப்போனார்களாம். வடக்கே கலீசியா. அங்கத்துப் பேச்சும் இதுவும் முன்பு ஒன்றாம், பிறகு பிரிந்ததாம். என் நாத்தனார் வீட்டுக் கதைதான்.

வரி வரவில்லை. ரசத்தில் உப்பு மறந்தேன். வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, "ஆய்த்தா, முடிஞ்சுதா உன் கிளாஸு? சோத்துக்கு போர்த்துகீசுல என்ன?"

"பட்டினின்னு பேரு. சும்மா இருங்க."

14, சனி
போர்த்துகீசுக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். பிரேசில், ஆப்பிரிக்கா, கோவா. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் சொற்களாம்.

"சம்பந்தியம்மா வந்து எல்லாத்தையும் திருப்பிக் கேட்டா?"

டீனா சிரிக்கவில்லை. கத்திவிட்டேன். உடனே எழுதித் தந்தாள். இதை வியாழனே தந்திருக்கலாம். மின்யா ஃபில்யா, என் மகள். காசா, வீடு. நடுவே மூன்று சொல், பல்லில் சிக்குகிறது.

15, ஞாயிறு
பூசை முடிந்து தட்டு ரெடி. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, தேங்காய். போனை மேசையில் சாய்த்து வைத்தேன்.

அந்தம்மா வந்தார். நடு மூன்று சொல்லும் போயே போச்சு. "மின்யா ஃபில்யா. காசா." வயிற்றைக் காட்டினேன். நெஞ்சைத் தொட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார்.

ஸ்டெல்லா குதித்தாள். "அனுப்பறாங்களாம்மா! ஆனா அவங்களும் கூட வராங்களாம். மூணு மாசம்!"

முறைப்படி தட்டை எடுத்து இரண்டு கையாலும் அந்தம்மாவிடம் நீட்டினேன். தட்டு சாய்ந்தது. தேங்காய் போன்மேல் விழுந்தது. தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.