மருந்தைத் தின்னும் மண்

ஏரல்,
22.1.1976

அன்புத் தம்பி நல்லக்கண்ணுவுக்கு,

அக்கா சண்முகத்தாய் எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், பொய் எழுத மனம் வரவில்லை. நீ நெல் ஆராய்ச்சி வேலைக்குப் போன கட்டாக்கில் குளிர் எப்படி? கம்பளி வேண்டுமென்றால் அனுப்புகிறேன். நீ வாய் திறந்து கேட்டால்தானே!

பிசானப் பருவ நெல்லில் மறுபடியும் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகக் காய்கிறது. உன் அத்தான் போன வருஷத்திலிருந்து அதே குருணை மருந்தைத்தான் வயல் தண்ணீரில் வீசுகிறார். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போதோ வீசிய மறுநாளே பூச்சி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கடைக்கார வேதமணி அண்ணாச்சி கலப்படம் செய்கிறார் என்று கடை வாசலில் நின்று ஒரே சத்தம். அவர் பாவம், ‘கர்த்தர் அறிய நான் ஒண்ணும் கலக்கலடே’ என்று கண் கலங்கிவிட்டார்.

அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல, மருந்துப் பொட்டலத்தைப் பிரித்ததும் உன் அத்தான் ஒரு குருணையை நாக்கில் வைத்துத் துப்புகிறார். சுருக்கென்றால் நல்ல மருந்தாம், இல்லையென்றால் கலப்படமாம். இவர் நாக்கு என்ன தராசா?

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேற்றில் பெருகிவிடும், பூச்சி சாகுமுன் அவை மருந்தைத் தீர்த்துவிடும் என்று எழுதியிருந்தாய். அண்ணாச்சி மேல் உள்ள பழி தீரும், இந்த நாக்குச் சோதனையும் நிற்கும் என்று ஆசையாக வாசித்துக் காட்டினேன். இவர் சிரித்துக்கொண்டே, ‘ஏளா, கண்ணுக்குத் தெரியாத உசுரே தின்னு செரிக்குதுன்னா, எனக்கு ஒரு குருணை என்ன செஞ்சிரும்?’ என்றார்.

போன செவ்வாய்க்கிழமை வயலிலிருந்து வந்தவருக்கு வாயில் எச்சில் ஊறுவது நிற்கவே இல்லை. கண் மங்குகிறது என்றார். கை நடுங்கிச் சோறு வாய்க்குப் போகவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். ஊசி போட்டுவிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் தம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து உன் அத்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உடம்பு தேறியதும் தூத்துக்குடிக்குப் போகப் போகிறாராம். அங்கே கப்பலில் வந்து இறங்கும் மருந்து இதைவிடக் காரமாம், மண்ணால் தின்ன முடியாதாம். அதையும் ருசி பார்க்காமல் விடமாட்டார்.

என் சொல் அவர் காதில் ஏறாது. உன் கடிதம் என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மனுஷன். அதனால் அவர் பெயருக்கே எழுது, இன்றே எழுது. சேற்றில் இருப்பது அத்தான் வயிற்றில் இல்லை என்று எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு, அவருக்குக் கண் இன்னும் தெளியவில்லை.

நீ தீர்க்காயுசாக இரு, தம்பி. அவரும் இருக்கட்டும்.

உன் அக்கா,
சண்முகத்தாய்